தலையசைப்புப் பாடம்

“அப்படித் திருப்பக் கூடாது, சிஸ்டர். சாய்க்கணும். காது தோளைத் தொடப் போற மாதிரி போய், தொடாமத் திரும்பணும்.”

டாக்டர் தலையை இரு பக்கமும் ஆட்டிக் காட்டினார்.

தலைமை நர்ஸ் டீக் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் போலவே ஆட்டிப் பார்த்தாள். அவள் இந்த வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். நம்மூர்த் தலையாட்டலுக்குக் கழுத்து லேசில் வளையவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவருக்கும் சிரிப்புத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அவர் கத்தியைக் கையில் எடுத்தால் சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடவே யோசித்த காலம் உண்டு. இப்போது மனிதர் தலையாட்டி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கத்தியால் ஆகாது என்று கைவிட்டவர்களையெல்லாம் எங்கே அனுப்புகிறோம் என்று பார்க்கத்தான் ஒருநாள் இங்கே வந்தார். கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க வைக்கும் இல்லம் இது. வந்தவர் திரும்பிப் போகவில்லை. கூட இருந்த சர்ஜன்கள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

இந்தப் பாடத்துக்குக் காரணம், போன மாதம் இங்கே இருந்த ஒரு அம்மாள். தமிழ்க்காரி. பாதி ஆயுளுக்கு மேல் பேசிய இந்த நாட்டு மொழி கடைசியில் அவளை விட்டுப் போய்விட்டது. தமிழ் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

நர்ஸுகள் வயிற்றைத் தொட்டு, வலிக்கிறதா என்று ஜாடையில் கேட்டார்கள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இவர்கள் கண்ணுக்கு அது இல்லை என்று பட்டது.

அன்று டாக்டருக்கு விடுமுறை. மறுநாள் அவர் வந்து ஊசி போடச் சொல்லும்வரை அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அதிலிருந்து அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. வீட்டில் சொல்லி அழவும் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் வேறு ஏதோ நாட்டில். “அப்பா” என்பதோடு அவள் தமிழ் முடிந்துவிடும். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் அவர் தமிழ் பேசுவார். பெரும்பாலும் திட்டுவார்.

ஒருவழியாக நர்ஸுக்குத் தலை சாய்ந்தது. அவர் கைதட்டினார்.

“வந்துடுச்சு டாக்டர். ஆனா உங்க ஊர்க்காரங்க இப்ப இங்க யாருமே இல்லையே?”

டாக்டர் கோப்பையை எடுத்தார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

“ஒருத்தர் வர்றார். ஸ்கேன் பாத்துட்டேன், கத்தி எட்டாத இடம்.” கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்கு வெயில் வர்ற ரூமா பாத்துக் குடுங்க, சிஸ்டர்.”



அவள் எழுந்து போய் மற்ற நர்ஸுகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“இன்னொரு தடவ ஆட்டிக் காட்டுங்க, டாக்டர். எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டும்” என்றாள்.