தங்கபாய்க்கு வலிப்பு

வெள்ளைச் சேலைகள் இரண்டும் கறுப்புக் குடை ஒன்றும் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்ததுமே ஏசம்மாளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. கையிலிருந்த முறத்தை விட்டெறிந்தாள். அரிசி முற்றமெல்லாம் சிதறியது.

“வந்துட்டாளுவ! எம் பொண்ணத் தூக்கிட்டுப் போக வந்துட்டாளுவ!”

விஷயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தானே, கோட்டைச் சுவரா? மகள் தங்கபாய் டாக்டருக்குப் படிக்க மனுப் போட்டிருந்தாள். மதுரைக்குப் போய் வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு டாக்டரம்மாமார் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இனி அவர்கள் வீட்டுக்கு வந்து, பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் இடம் உறுதி. இந்த வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் வருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஏசம்மாளின் திட்டமோ வேறு. தரகர் வாய்வழியாகவே செட்டியார்பட்டியில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தாள். ராஜபாளையம் மில்லில் மேஸ்திரி, ஒரே பிள்ளை. படுக்கையில் கிடக்கும் தகப்பனைத் தவிர வீட்டில் வேறு தொந்தரவு கிடையாது. நாளை ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். டாக்டர் பள்ளிக்கூடத்திலோ படிப்பு முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாதாம்.

பெண் பார்க்கிற விவகாரத்தில் ஏசம்மாளை யாரும் ஏய்க்க முடியாது. மூத்த மகனுக்கு வத்திராயிருப்பில் பெண் எடுத்தபோது, சொன்ன நாளுக்கு முந்தின நாளே போய் நின்று அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள். அப்பேர்ப்பட்டவளிடமே அப்பனும் மகளும் மறைத்து மனுப் போட்டார்கள் என்றால் கோபம் வருமா, வராதா?

அந்த அப்பன், பால்துரை வாத்தியார், சண்டை வாடை அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

“வாங்க. ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள் ஏசம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வந்தவர்களில் மூத்தவள் திடுக்கிட்டாள். “எங்களத் தெரியுமாம்மா?”

“தெரியாம? எதுக்கு வந்திருக்கியன்னும் தெரியும். இரிங்க.”

பாயில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்ச் செம்போடு வந்த தங்கபாய், அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மூத்தவள் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தாள். டாக்டருக்குப் படிக்க உடம்பில் ஒரு குறையும் இருக்கக்கூடாதாமே, அதற்காகச் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரியா பார்ப்பார்கள் என்று ஏசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆரோக்கியமான பிள்ளையாத்தான் தெரியுது” என்றாள் மூத்தவள்.

“தெரியும், தெரியும். வலிப்பு வாறப்ப பாக்கணும்!”

இளையவள் குடித்துக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “வலிப்பா?”

“ரத்தத்தக் கண்டாப் போதும், அறுத்த கோழி கெணக்கா துடிப்பா. கை நடுக்கம் வேற. ஒரு செம்பு தண்ணி கொண்டாரச் சொன்னா பாதி தரையில கெடக்கும்.”

தரையில் ஒரு சொட்டுக்கூடக் கிடக்கவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

“சீக்காளிகளப் பாத்துக்கிடுவாளா?” மூத்தவளின் குரல் இறங்கியிருந்தது.

“இவளா? இவ அப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப மூக்கப் பொத்திக்கிட்டு அடுத்த வீட்டுல போய் உக்காந்தவ! ஒரு வாய்க் கஞ்சி ஊத்தல. பெத்தவ நானே சொல்லுதேன், ஒங்க எடத்துக்கு இவ ஆகவே மாட்டா. பொறவு எம் மேல பழி போடாதிய!”

அம்புட்டும் பொய். காய்ச்சலில் கிடந்த அப்பனுக்கு ராப்பகலாகக் கண்விழித்தவளே அந்தப் பெண்தான், தெருவே சாட்சி. ஆத்தாள் அரை வார்த்தை சொன்னால் ஒரு வண்டி வார்த்தை திருப்பிக் கொடுக்கிற தங்கபாய், இன்றைக்குத் தூணோடு தூணாக நின்றாள். வலிப்புக்கும் வாய் திறக்கவில்லை, மூக்கைப் பொத்தியதற்கும் திறக்கவில்லை.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“பெத்த தாயே இம்புட்டு உண்மையச் சொல்லி நாங்க பாத்ததில்லம்மா. கர்த்தர் ஒங்களுக்கு நல்லது செய்வாரு.”

தங்கபாய் தெருமுனை வரை கூடவே போய், அவர்களுக்குப் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஏசம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். “எங்கிட்டயா ஆட்டம் காட்டுதிய, அப்பனும் மவளும்? தொலஞ்சுது ஒன் டாக்டர் படிப்பு! நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரவிய வருதாவ. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காம அந்தப் பட்டுச் சேலைய எடுத்து வை!”

தங்கபாய் முறத்தை எடுத்துக்கொண்டு, குனிந்து அரிசியைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள்.

“மதுரையில என்னையக் கேள்வி கேட்டவிய இவிய இல்லம்மா.”

ஏசம்மாளின் கை இடுப்பிலிருந்து நழுவியது. “பொறவு, இவளுவ ஆருட்டி?”

“செட்டியார்பட்டிக்காரவிய, மாப்பிள்ளைக்கு அத்தைமாரு. ஒன்னைய மாதிரியே ஒரு நாள் முந்தி வந்துட்டாவ.”