இதெல்லாம் ஓவர்

“பேஸ்மென்ட் கேட், சாப்பிட்டாச்சா? ஓவர்.”

மாலின் ஒவ்வொரு வாசலிலும் காவலாளிகளின் இடுப்பில் தொங்கிய வாக்கி-டாக்கிகள் ஒரே நேரத்தில் கரகரத்தன. கேட்டவன் மேல்தளத்து பார்க்கிங் கேட்காரன். இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.

பேஸ்மென்ட் கேட்டில் நின்றவள் காதில் வாங்காமல் வேலையைப் பார்த்தாள். வந்த காருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டாள்.

மற்ற கேட்காரர்களுக்குக் கொண்டாட்டம். வந்ததும் வராததுமாக ஒருத்தன் இப்படி வழிகிறானே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பேசி முடித்தால் ‘ஓவர்’ சொல்ல வேண்டும் என்பது சூப்பர்வைசரின் சட்டம். மனுஷர் பட்டாளத்தில் இருந்தவர். ஓவர் என்றால் நான் முடித்துவிட்டேன், பட்டனை விட்டுவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். சொல்ல மறந்தவர்களைக் கழிப்பறை வாசலில் காவலுக்குப் போட்டுவிடுவார்.

“தலைவலி எப்படி இருக்கு? ஓவர்.”

“பேஸ்மென்ட் ஃபுல். இனி வர்ற வண்டியெல்லாம் மேல அனுப்பறேன். ஓவர்.”

பிறகு அவன் ஒரே மூச்சில் கொட்டினான்.

“போனை பிளாக் பண்ணிட்ட. உங்க அக்கா வீட்டுக்கு வந்தா நாயை அவுத்து விடறாங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட பேச இந்த மிஷினை விட்டா எனக்கு வேற வழி தெரியல. அதான் இங்கயே வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்துடு. ஓவர்.”

எந்த கேட்டிலோ யாருக்கோ புரையேறியது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. வேலைக்கு வந்த இடத்தில் மானம் கப்பலேறிவிட்டது.

வீட்டில் அவனுக்குத் தெரிந்த ஓவர் வேறு. அவள் வாயைத் திறந்தால் “ஓவராப் போகாத” என்பான். மேலே ஒரு வார்த்தை பேசினால் “பேச்சு ஓவர்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

இப்போது அதே ஆள் ஓவர் சொல்லிவிட்டு, பட்டனை விட்டுவிட்டு, காத்திருக்கிறான்.

வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். சொல்ல நினைத்தது ஒரு வண்டி. வந்தது ரெண்டே வார்த்தை.

“இதெல்லாம் ஓவர்.”

கட்டடமே குழம்பிப்போனது.

வெட்கப்படுகிறாள், அளவுக்கு மீறிப் போகிறாய் என்று செல்லமாகச் சொல்கிறாள் என்றார் பின்பக்க கேட்காரர். அவருக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற அம்மாள், அதெல்லாம் இல்லை, அறுத்துவிட்டாள், எல்லாம் முடிந்தது என்றாள். சட்டப்படி பார்த்தால் இனி அவன் பேச வேண்டும்.

ஆனால் மேலிருந்து ஹாரன் சத்தம்தான் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு கணக்கு வழக்கில்லாமல்.

சூப்பர்வைசர் லைனில் வந்தார். கழிப்பறை வாசலுக்கு ஜோடியாக ஆள் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“பேஸ்மென்ட், இங்க இவன் கட்டையைத் தூக்காம அழுதுட்டு நிக்கிறான். வண்டி ரோடு வரைக்கும் நிக்குது. நீ சொன்னது எந்த ஓவரும்மா? தெளிவாச் சொல்லு. ஓவர்.”

அவள் முந்திக்கொண்டு வந்த சிரிப்பை விழுங்கினாள். குரலை டூட்டிக் குரலாக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

“முதல்ல கட்டையைத் தூக்கச் சொல்லுங்க சார். எனக்குப் பேச வேண்டியது நெறைய இருக்கு, வழியெல்லாம் பேசுவேன்னு சொல்லுங்க. ஹெல்மெட் ரெண்டு கொண்டுவந்திருக்காரான்னும் கேளுங்க. ஓவர்.”