கோடாலிக்கு ஒரு ஓட்டு

"கால்பந்து ஆடினவங்கள்லயே படு மோசமான ஆளு யாரு? சொல்லுங்க பார்ப்போம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கிளப் கமிட்டி கூடி அரை மணி நேரம் ஆகியிருந்தது. சிறுவர் அணிக்கு ஒரு கோச் போட வேண்டும். வந்திருந்த விண்ணப்பமும் ஒன்றே ஒன்று. ஐந்து நிமிட வேலை. ஆனால் மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தால் உலகக் கோப்பையைத் தொடாமல் மூடமாட்டார்.

எவன் யாருடைய மூக்கை உடைத்தான், எவன் கடித்தான், எவன் தலையால் முட்டினான் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனார். கிளப் தலைவர் சிரித்தபடி குறுக்கிட்டார்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போறீங்க? நம்ம கோடாலியை விடவா?"

கோடாலி என்பது பட்டப்பெயர். அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரர். பந்தை விட்டாலும் விடுவார், ஆளை விடமாட்டார் என்பார்கள். இப்போது பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அந்த ஒரே விண்ணப்பம் அவருடையதுதான். பட்டறை உடுப்போடு வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

இது மூன்றாவது வருஷம். முதல் இரண்டு தடவையும் தலைவர் தட்டிக்கழித்துவிட்டார். கோடாலி யாரிடமும் போய்ச் சண்டை போடவில்லை. ஞாயிறு காலையில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, பிள்ளைகள் உதைக்கும் பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போன ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

"முரட்டு ஆட்டம் வேற, அழுக்கு ஆட்டம் வேற" என்றார் மருந்துக்கடைக்காரர். "பந்துக்காக இடிச்சு ஆடுறவனை நான் மதிப்பேன். பந்தே இல்லாதப்ப ஆளை உதைக்கிறவன்தான் அழுக்கு. இவர் எந்த வகை?"

"ரெண்டாவது வகை. நீங்க இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம்தானே ஆச்சு. இது முப்பது வருஷம் முன்னாடி நடந்த ஃபைனல்" என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல மழை. நம்பரும் தெரியாது, சட்டை என்ன கலர்னும் தெரியாது, அவ்வளவு சேறு. நம்ம கோல்கிட்ட ஒரே கும்பல். பந்து வெளியே போயாச்சு. போன பிறகு ஒரு உதை. எதிரணிப் பையனுக்குக் கால் எலும்பு ரெண்டாப் போச்சு. ரெஃப்ரி ஓடி வந்து நேரா கோடாலிக்குச் சிவப்பு அட்டை காட்டினார். இவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே போனான். தப்பு பண்ணாதவன் அப்படிப் போவானா?"

"உதை வாங்கினது யாரு?"

தலைவர் பக்கத்தில் இருந்த செயலாளரைக் கண்ணால் காட்டினார்.

செயலாளர் தையற்காரர். அன்று எதிரணியாக ஆடிய கிளப்பும் இந்தக் கிளப்பும் ஒன்றான பிறகு இங்கே வந்தவர். கமிட்டிக்கு இந்த வருஷம்தான் புதிது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அந்த ஃபைனலோடு அவர் ஆட்டம் முடிந்தது.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சுக்குங்கண்ணே. தெரியாம பேசிட்டேன். கால் உங்களுது. நீங்க எந்தப் பக்கமோ, என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்."

"அதான் நியாயம்" என்றார் தலைவர். "எனக்கு அவன் மேல கோபம் ஒண்ணும் இல்லை. நானும் அதே ஆட்டத்துல அவன் பக்கத்துல நின்னு ஆடினவன்தான். வாழ்நாள்ல ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கினதில்லை. அந்தச் சுத்தமான பேர்லதான் அடுத்த மாசமே துறைமுகத்துல விளையாட்டுக் கோட்டாவுல வேலை கிடைச்சுது. ஒழுக்கம் சோறு போடும்னு நாம பிள்ளைகளுக்குச் சொல்லணும். இவனை முன்னாடி நிறுத்தி அதை எப்படிச் சொல்றது?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என் ஓட்டு கோடாலிக்கு."

தலைவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். "உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா மன்னிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"மன்னிக்கிற அளவுக்கு அவர் எனக்கு என்ன பண்ணினார்? அன்னிக்குச் சாயங்காலமே சேறு காயாத காலோட ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னார். ஆறு வாரம் விடாம வந்தார். என் கையைப் பிடிச்சு நடக்க வெச்சவரே அவர்தான். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'அடுத்த வாரம் அவனுக்கு இன்டர்வியூ, வெளியே தெரிஞ்சா வேலை போயிடும், யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னார். இன்னிக்கு வரைக்கும் நானும் சொல்லலை."

"எவனுக்கு இன்டர்வியூ?" என்று மருந்துக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

செயலாளர் தலைவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ரெஃப்ரிக்குத்தான் ஆள் தெரியலை, தலைவரே. கீழே கிடந்த எனக்கு உங்க முகம் நல்லாவே தெரிஞ்சுது."