மீன் காயவைக்கும் முரசு

"இதை வாசி மின்சா. சத்தமா வாசி. இங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்."

மதுஹு தன் போனை மேசையில் வைத்த வேகத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மற்றவர்களின் போன்கள் துள்ளின. கிசேசா ஊர்ச் சந்தையில் மின்சா போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். வட்டாரத்து ஆட்டக் குழுக்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் அறிவிப்புப் பக்கமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. எந்தக் குழு எங்கே, எப்போது ஆடுகிறது என்று அவரவரே அதில் போட்டுக்கொள்ளலாம். எல்லாக் குழுத் தலைவர்களுக்கும் ஒரே கடவுச்சொல்தான்.

மின்சா வாசித்தாள். "சனிக்கிழமை மாலை சந்தைத் திடலில் ஷிஜாவின் மலைப்பாம்புக் குழு ஆடும். மதுஹுவின் முரசைக் கேட்டுக் காது புளித்தவர்கள் வரலாம். அந்த முரசு மீன் காயவைக்கத்தான் லாயக்கு. போன வாரம் அவர் ஆட்டத்துக்கு வந்த ஒரே ஒரு வெள்ளாடும் பாதியில் எழுந்து போய்விட்டது."

போனுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மீன்காரி கஷிஞ்ஜே கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

"சிரிங்க. என் அப்பா அடிச்ச முரசு அது. அதைப் போய் மீன் காயவைக்கிறதுன்னு எழுதியிருக்கான். ஆட வான்னு ஆள் விட்டப்ப முதுகுவலின்னு சொன்னவன், போன்ல மட்டும் வீரனாகிட்டானா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த ஊர் ஆட்டப் போட்டிக்கு நடுவர் கிடையாது. இரண்டு குழுக்கள் திடலின் இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் ஆடும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் ஜெயித்ததாகக் கணக்கு. எதிரில் யாரும் இல்லாமல் ஆடினால் பார்க்க ஆள் வராது. பருத்தி எடுப்பு முடிந்ததிலிருந்து மதுஹுவின் முள்ளம்பன்றிக் குழு அப்படித்தான் வாராவாரம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டபோதெல்லாம் ஷிஜா ஒரு சாக்குச் சொன்னார். முதலில் முதுகுவலி, பிறகு பாம்பு தோலுரிக்கிறது. இன்னொரு சனிக்கிழமை திடல் காலியாகக் கிடந்தால் ம்வான்சா நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவோம் என்று மதுஹுவின் ஆட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மின்சாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் கேலி பாடுவது வழக்கம்தான். ஆனால் செத்துப்போன அப்பாவின் முரசைத் தொட்டிருக்க வேண்டாம்.

"எடுத்துடறேன் அண்ணே. இப்பவே அழிச்சுடறேன்."

"தொடாதே. இருக்கட்டும். அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு ஊர் பாக்கட்டும்."

மதுஹு போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். வாழைக்காய்க் கடை, தையல் கடை, வாடகை பைக்குகள் நிற்கும் மரத்தடி என்று ஒன்று விடாமல் நின்று, இந்த அநியாயத்தைக் கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாசிக்கக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் அந்த அறிவிப்பு கிசேசாவில் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆளாளுக்கு அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். தள்ளியிருக்கும் மகு ஊரிலிருந்துகூட யாரோ மின்சாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள்.

சாயங்காலம் ஷிஜா வந்தார். சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, கீழே போட்டார்.

"என் பேர்ல இதை எழுதினது யாரு?"

"நீங்க எழுதலையா அண்ணே?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா இல்லை. எங்க பயலுக எவனோ பண்ணின வேலை. வர்ற வழியெல்லாம், எப்ப ஆடப்போறீங்கன்னு கேக்கறாங்க."

அப்படியானால் நான் எழுதவில்லை என்று பக்கத்தில் போட்டுவிடலாமே என்றாள் மின்சா. ஷிஜா அவளை எரிப்பதுபோலப் பார்த்தார்.

"போட்டா? மதுஹுவுக்குப் பயந்து பின்வாங்கிட்டான்னு பாட்டுக் கட்டுவானுங்க. அந்தப் பாட்டு என் பேரன் காலம் வரைக்கும் ஓடும். வரேன்னு போடு. பாம்போட வரேன்னு போடு."

சனிக்கிழமை திடலில் கால் வைக்க இடமில்லை. மதுஹுவின் ஆட்டக்காரர்கள் மண்வெட்டிகளைச் சுழற்றி வீசிப் பிடித்தார்கள். எதிர்முனையில் ஷிஜா மலைப்பாம்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தரையில் உருண்டார். கூட்டம் இங்கும் அங்கும் புழுதி பறக்க ஓடியது. பொழுது சாயும் நேரத்தில் பாம்பு ஷிஜாவின் தலைக்கு மேல் எழுந்தது. கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. மதுஹு தோற்றுப்போனார். கடைசிவரை முரசை அடிப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் கடைக்கு வந்தபோது மின்சா ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தாள். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

"ஜெயிச்சாச்சாம், இனி அடுத்த அறுவடைக்குத்தான் ஆடுவானாம். ஷிஜா சொல்லி அனுப்பியிருக்கான். திமிரைப் பாத்தியா?"

"விடுங்க அண்ணே. உங்க ஆளுங்க யாரும் ம்வான்சாவுக்குப் போகலையே."

"ஒருத்தனும் போகலை. இன்னொரு ஆட்டம் எப்போன்னு உயிரை எடுக்கறானுங்க."

மதுஹு திரும்பிப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. போனை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"ஷிஜா பேர்ல இன்னொண்ணு எழுதிப் போடு தங்கச்சி. இந்தத் தடவை காரம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். போன தடவை என்னை நானே திட்டி எழுதினதுல கை கொஞ்சம் கூசிப்போச்சு."