ஒரு 'ப்' வரும்

"அக்கா, என் கிளாஸ்ல ஒரு திருடன் பூந்திருக்கான்!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா, கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாள்.

"என்னத்தடி திருடினான்?"

"அட்டெண்டன்ஸை! இப்பதான் பதினேழாம் நம்பர் பொண்ணோட அம்மா பக்கத்து வீட்டுலேர்ந்து போன் பண்ணினாங்க. வீட்டுல இருந்த ஒரே போன் உடைஞ்சு மூணு வாரமாச்சாம். அன்னிக்கே ஸ்கூல் ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். வேற போன் வர இன்னும் நாலு நாள் ஆகும், மன்னிச்சுக்குங்க மிஸ்னு அழறாங்க. ஆனா பதினேழு தினமும் கிளாஸுக்கு வருதுக்கா!"

"என்னடி சொல்றே?"

"கேமரா கிடையாது, குரல் கிடையாது. 'உள்ளேன் மிஸ்'னு எழுத்து மட்டும் வருது."

கொரோனா வந்ததிலிருந்து டீச்சருக்குப் படுக்கையறைதான் பள்ளிக்கூடம். மேஜையில் லேப்டாப், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஐந்தாம் வகுப்பு, அறிவியல். திரையில் பிள்ளைகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் நம்பர்தான்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "பதினேழைக் கழிச்சா மொத்தம் எத்தனை பேர்?"

"இருபத்தொன்பது."

"ஐயையோ!"

முப்பது பேர் இருந்தால்தான் வகுப்பு. ஒன்று குறைந்தாலும் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிட்டு டீச்சருக்கு டாட்டா காட்டிவிடுவார்கள். தாளாளர் திடீர் திடீரென்று எட்டிப் பார்த்துத் தலையை எண்ணுகிறார். டீச்சரின் கணவரைக் கொரோனா கொண்டுபோய் இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயம்.

"கண்டும் காணாம இருடி. எவனோ வர்றான், உட்கார்றான், போறான். உனக்கென்ன வந்துச்சு?"

"பச்சைப் பிள்ளைங்க இருக்கற இடத்துல முகம் காட்டாம எவனோ உட்கார்ந்திருக்கான்க்கா! வேலை போனா போகட்டும். இன்னிக்கு அவனா நானான்னு பார்த்துடறேன்!"

"விஷயம் தெரிஞ்சா அந்தக் கடுகு என்னமா வெடிக்கப் போகுதோ!"

கடுகு என்றால் தலைமையாசிரியர். முப்பது பேர் கணக்கை டீச்சர்களிடம் அறிவித்தவரே அவர்தான். "விதி விதிதான்" என்று முடித்துவிட்டார்.

அதைக்கூட அக்கா மன்னித்துவிடுவாள். கணவர் இறந்த மறுநாள் டீச்சர் அழுதுகொண்டே ஒரு விடுப்புக் கடிதம் எழுதினாள். 'கணவரை பறிகொடுத்த' என்ற இடத்தைச் சிவப்பில் சுழித்து, நடுவில் ஒரு 'ப்' போட்டுத் திருப்பி அனுப்பினார் மனுஷர்.

"எழவு வீட்டுக் கடுதாசியில போய்ப் பிழை திருத்தினானே, பாவி! நெஞ்சுல ஈரமே இல்லாத ஜென்மம்!" என்று அக்கா இன்றைக்கும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

மணி பத்து. வகுப்பு ஆரம்பம். லேப்டாப்புக்குப் பின்னால் அக்கா துடைப்பத்தோடு நின்றாள். திருடன் திரையிலிருந்து குதித்தாலும் குதிப்பான், யார் கண்டது?

"பதினேழு!"

'உள்ளேன் மிஸ்.'

"கேமராவைப் போடும்மா."

'கேமரா பழுது மிஸ்.'

"மைக்?"

'அதுவும் பழுதுதான் மிஸ்.'

டீச்சர் விடவில்லை. "சரி, போன வாரம் நம்ம கிளாஸ்ல யாருக்குப் பல்லு விழுந்துச்சு, சொல்லு பார்ப்போம்?"

'இருபத்திரண்டுக்கு மிஸ். மேல் வரிசை, முன்பல்.'

"அடேங்கப்பா, ஒழுங்கா கவனிச்சிருக்கான்டி!" என்று கிசுகிசுத்தாள் அக்கா.

"சும்மா இரு அக்கா!"

டீச்சர் படபடப்போடு பலகைப் பக்கம் திரும்பி அன்றைய பாடத்தை எழுதினாள். 'தாவரங்கள் சூரிய ஒளியை பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன.'

எழுதிவிட்டுத் திரும்பினால், திரையில் தாளாளர்!

"வணக்கம் டீச்சர். எண்ணிடலாமா?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எண்ணறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். அந்தப் பதினேழு..."

டிங்! திரையின் ஓரத்தில் எழுத்து ஓடியது.

'மிஸ், ஒளியைப் பயன்படுத்தி. அங்கே ஒரு "ப்" வரும்.'

டீச்சர் பலகையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க டீச்சர். பதினேழுக்கு என்ன?"

"அது... ரொம்ப நல்ல பிள்ளை சார். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பார்த்தேனே! அஞ்சாங் கிளாஸ்லயே ஒற்று எங்க வரும்னு தெரியுதே! சரி, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. நடத்துங்க."

தாளாளர் மறைந்தார். டீச்சர் பலகையில் 'ப்' போட்டாள். பிள்ளைகளை அதை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர், வாயில் சிரிப்பு.

"ஏண்டி, அழறியா சிரிக்கிறியா? யாருடி அந்தத் திருடன்?"

"நம்ம கடுகுதான்க்கா!"

அக்கா கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"அந்த ஈரமில்லாத ஜென்மமா?"

"ஆமாக்கா. என் வேலை போயிடக்கூடாதுன்னு மூணு வாரமா அஞ்சாங் கிளாஸ்ல உட்கார்ந்து, தினமும் என்னை மிஸ்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கு!"