சனி வீட்டு அழைப்பிதழ்

சனி கிரகத்தின் வளையத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று தங்க எழுத்தில் இருந்ததை, எல்.கே.ஜி. வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்றபோதுதான் சர்ஃபராஸ் கவனித்தான்.

எழுத்துப் பக்கம் உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனுக்கு எழுத்து இருக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். கை தன் பழக்கத்துக்கு ஒட்டிவிட்டது.

மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ‘பி.இ.’ விட்டுப்போனதால் திரும்பி வந்த பத்திரிகைகள் அவை. எட்டுப் பட்டை வெட்டி, நட்சத்திரம் மாதிரி ஒட்டி, முனைகளை மேலே சேர்த்தால் கிரகம். சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் போட்டு நடுவை வெட்டினால் வளையம். செஞ்சியிலேயே அச்சு மெஷின் போடுகிற சத்தத்துக்குத் தலைவலி வராத ஒரே தொழிலாளி, ஒரு காகிதப் பந்தில் கோட்டை விட்டுவிட்டான்.

பக்கத்தில் நின்ற நண்பன் பாவாடை, அவன் தோளைத் தட்டித் திருப்பினான்.

“இன்னாபா, சனி பகவானே பத்திரிக வைக்கிறாரு? குடும்பத்தோட வரணுமா?”

சர்ஃபராஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பாவாடையின் பேச்சை நிறுத்த அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. இதுவரை தோற்றதில்லை.

அமாவாசை. அம்மாக்களில் பாதிப் பேர் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் இருந்தார்கள். ஜவுளிக்கடையில் அவன் மனைவி பர்வினுக்கு லீவு தரவில்லை. அதனால் ஜன்னலில் அப்பாக்கள்.

எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு கிரகம். கையில் காகித உருண்டையோடு வந்து, அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஜெயஸ்ரீ மிஸ் கேட்டது.

அதற்கே வாட்ஸாப் குழுவில் ஒரு வாரம் சண்டை. பூமியைக் கேட்பதற்குள் கரஸ்பாண்டன்ட் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாவாடை தெரியாத்தனமாக மகள் ரஞ்சனிக்குச் செவ்வாயை வாங்கிவந்து, “பொட்டப்புள்ளைக்கு செவ்வாயா, நாளைக்கு எவன் கட்டுவான்” என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டான். சனியை யாருமே தொடவில்லை. ‘எம் புள்ளைக்கு ஏற்கெனவே ஏழரை நடக்குது மிஸ்’ என்று மகாலட்சுமி எழுதியிருந்தாள்.

‘சனிக்கு எங்கள் வீட்டில் இடம் உண்டு. இங்ஙனம், முன்னியின் நைனா’ என்று சர்ஃபராஸ் போட்டான். பதினாறு சிரிப்பு பொம்மைகள் வந்தன.

அவன் கணக்கு வேறு. வியாழனும் யுரேனஸும் சின்ன வாயில் நுழையாது. சனி இரண்டே எழுத்து.

முன்னி ஜூனிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாய் ஓயாது என்று பர்வின் சத்தியம் செய்தாள். ‘உதட்டை அசைக்கிறா, சத்தம் வரமாட்டேங்குது. அரைப் பரீட்சைக்குள்ள பேசலன்னா யூ.கே.ஜி.க்கு அனுப்ப மாட்டாங்க’ என்று மிஸ் எழுதிய வரியை அவன் அழிக்கவில்லை. வேலைக்கு நடுவே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

புதன் வந்து போனான். வெள்ளி கீழே விழுந்து நசுங்கினாள். பூமி நன்றாகச் சொல்லிவிட்டுத் தாத்தாவைத் தேடினான். மிளகாய்ச் சிவப்பில் ரஞ்சனி. பிறகு வியாழன்.

முன்னி.

பத்திரிகைப் பந்தைக் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மிஸ் குனிந்து தலையை ஆட்டினார். முன்னி தன் செருப்பைப் பார்த்தாள். இரண்டாம் தடவை ஆட்டினார். முன்னி ஜன்னலைப் பார்த்தாள்.

சர்ஃபராஸ் இடது கையை முட்டியாக மடக்கி, வலது ஆள்காட்டி விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். பந்து ஒட்டும்போது இருவரும் சனிக்கு வைத்த அடையாளம் அது. இன்னொரு வட்டம். வேறு கையிருப்பு அவனிடம் இல்லை.

முன்னியின் உதடு அசைந்தது.

அது மட்டும் போதாது. உதடுதான் ஜூனிலிருந்து அசைகிறதே.

அவன் மற்ற முகங்களைப் பார்த்தான். செவ்வாயும் வியாழனும் ஒரே நேரத்தில் முன்னியின் பக்கம் திரும்பினார்கள். மிஸ்ஸின் கை தன் வாய்க்குப் போனது. பாவாடை வாயைத் திறந்தபடி நின்றான். அந்த வாய் அசையாமல் திறந்திருந்து சர்ஃபராஸ் பார்த்ததே இல்லை.

நம்பக் கூடாது. சர்ஃபராஸ் போனில் ஒரு வரி தட்டிப் பாவாடையிடம் நீட்டினான்.

‘சத்தம் வந்துச்சா?’

பாவாடை எழுதுகிற ஆள் இல்லை. எதுவானாலும் முகத்துக்கு நேராக வந்து வாயைப் பெரிதாக அசைத்துச் சொல்லிவிடுவான். இன்று போனை வாங்கி, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினான்.

‘ரோடு வரைக்கும் கேட்டுச்சி. அப்படியே தங்கச்சி பர்வினோட குரல். நீ தப்பிச்ச.’

பர்வினின் குரலை சர்ஃபராஸ் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து எந்தக் குரலையும் கேட்டதில்லை. கேட்காத நைனாவிடம் சத்தத்தை எதற்கு வீணாக்குவது என்று, முன்னி அவனோடு உதட்டால் மட்டும்தான் பேசுவாள். யாரும் சொல்லித் தராத சிக்கனம். பள்ளிக்கூடத்துக்கும் அதையே எடுத்துப் போய்விட்டாளோ என்பதுதான் இத்தனை மாதமாக அவனுடைய பயம்.

அந்த வரியை இரண்டு முறை படித்தான். போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, தாங்கவே முடியாத சத்தம் என்பது போல முகத்தைச் சுளித்து, இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

உள்ளே முன்னி அதைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு, இன்னும் பெரிதாக வாயைத் திறந்தாள்.