பதினோராவது விதி

“எதிரி நாட்டு உறுப்பினர்களை உடனே நீக்கணும்னு எழுதியிருக்கேன். காரம் போதுமா, பட்டு?”

சுந்தரராமன் கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். புனேயில் விஷ்ராந்த்வாடி வீட்டு டிவியில் கார்கில் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பட்டு பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எந்தச் சங்கத்துக்கு?”

“எனக்கென்ன பத்துச் சங்கமா இருக்கு? அணைப் பொறியாளர்களோட சர்வதேசச் சங்கம். செப்டம்பர்ல வியன்னாவுக்குக் கூப்பிட்டிருக்காளே, அவாதான்.”

அந்தப் பயணத்துக்காகக் கேம்ப் கடைத்தெருவில் வாங்கிய கோட்டு அலமாரியில் தொங்கியது. கடக்வாஸ்லா நீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாகத் தொட்டி கட்டி, தண்ணீர் விட்டு, மதகு மாதிரிகளைச் சோதித்தவர் அவர். அதைப் பற்றிப் பேச முதல் தடவையாக ஒரு மேடை கிடைத்திருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டுமே உள்ள மேடை. ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி என்பதால் இன்னொன்று கிடைக்கப் போவதும் இல்லை.

“அங்கேயும் மதகுதானா? கேக்கறவா ஓடாம இருக்கணும்.”

“கொழும்பு மாநாட்டுல ஒருத்தர் ஓடலையே. சாப்பாட்டு மேஜையில ஒரு மணி நேரம் அறுத்தேன். தப்பிச்சாப் போதும்னு என் உறுப்பினர் படிவத்துல சிபாரிசுக் கையெழுத்தைப் போட்டுட்டுப் போனார். அவர் பேரு ஊரு எதுவும் நான் கேக்கலை, கையெழுத்தும் ஒரே கிறுக்கல். அவரைப் பேச விட்டாத்தானே!”

பட்டு சிரித்துவிட்டாள். பிறகு கடிதத்தைப் பார்த்தாள்.

“சண்டை நடக்கறது மலை மேல. அணை கட்டறவா என்ன பண்ணினா?”

“ரெண்டு மாடி ஏறினா எனக்கு மூச்சு வாங்கறது. கார்கில் ஏற முடியுமா? தபாலாபீஸ் வரைக்கும் நடக்கலாம். என் வீரம் அவ்வளவுதான்.”

“அந்த ஊர்க்காரா யாரையாவது தெரியுமோ?”

“ஒருத்தரையும் தெரியாது. தெரிஞ்சா இப்படி எழுத வருமா?” விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இதைக் கேளு. பதினோராவது விதி. ஒருத்தரை நீக்கினா, அவர் சிபாரிசுல சேர்ந்தவாளும் கூடவே போயிடுவா. தானா விலகினா அப்படி இல்லை. ஆனா, யார் தானா விலகப் போறா?”

கடிதம் அன்றே தபாலில் போயிற்று.

ஜூலையில் சண்டை முடிந்தது. சுந்தரராமன் கோட்டுக்குப் பொருத்தமாக ஒரு டை வாங்கினார். கடிதத்தை மறந்தே போனார். ஆகஸ்டில் வியன்னாவிலிருந்து தடித்த உறை வந்தது.

“டிக்கெட்டா?” என்று ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள் பட்டு.

“டிக்கெட்டும் இருக்கு, என் கடுதாசிக்குப் பதிலும் இருக்கு. நீக்கறதுன்னு முடிவு பண்ணினாளாம். அந்த நாட்டுல இருந்ததே ஒரே ஒரு உறுப்பினர்தானாம், கராச்சிக்காரர். பார்த்தியா, இனிமே என் பேனாவுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கணும் போலிருக்கு.”

மேலே படித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“என்னன்னா ஆச்சு?”

கடிதத்தைக் கொடுத்தார். பட்டு மிச்சத்தைப் படித்தாள்.

‘ஆனால் முடிவை அவருக்குத் தெரிவித்ததும், நாங்கள் நீக்குவதற்கு முன் அவரே விலகிக்கொண்டார். கொழும்பில் தங்களைச் சிபாரிசு செய்தவர் அவர்தான் என்பதால், அவரை நீக்கியிருந்தால் பதினோராவது விதிப்படி தாங்களும் போயிருப்பீர்கள். விலகல் கடிதத்தில் அவர் எழுதியிருப்பது ஒரே வரி: புனே நண்பரின் மதகுக் கதையில் பாதியைத்தான் நான் கேட்டேன், மீதியை வியன்னாவாவது கேட்கட்டும்.’